எனக்குத் தெரியாமல் மாறிய நீலம்

நெய்வேலியில் யாராவது என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டால், "செட் போடுறேன்" என்பேன். "கல்யாண மேடையா?" என்பார்கள். நடன நாடகத்தில் ஆடுகிறவர்களுக்குப் பின்னால் நிற்கிற சுவர், படி, மரம், வானம் இதையெல்லாம் யோசித்து, வரைந்து, ஆள் வைத்துச் செய்து மேடையில் நிறுத்துவது என்று விளக்கிச் சொன்னால், "ஓ, அதுக்குன்னு ஆள் இருக்கா?" என்று நல்ல மனதோடுதான் கேட்பார்கள். எனக்கு அதில் வருத்தம் இருந்ததில்லை. ஷிஃப்ட் முடிந்து வந்து, குளித்து, சாப்பிட்டுப் படுக்கிற ஊர். துணியில் வானம் வரைகிற ஒரு பெண்ணை அவர்கள் என்னவென்று எடுத்துக்கொள்வார்கள்?

அப்பா சுரங்கத்தில் கன்வேயர் பகுதியில் இருந்தார். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அம்மா அவருடைய சொந்த அக்கா மகள். கல்யாணம் முடிந்த கையோடு அம்மாவைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்து குவார்ட்டர்ஸில் குடியேறினார். நான் பிறந்தது, படித்தது, சைக்கிள் பழகியது எல்லாம் இந்த பிளாக்குகளுக்குள்தான்.

சின்ன வயதிலிருந்தே இருட்டில் தடுமாறுவேன். டியூஷன் விட்டு வரும்போது பிளாக் ஓரத்து வாய்க்காலில் விழுந்து, முட்டியில் ரத்தத்தோடு வீட்டுக்கு வருவது வாடிக்கை. "கண்ணை எங்க வச்சிக்கிட்டு நடக்க, பொடதியிலயா?" என்று அம்மா திட்டிக்கொண்டே மஞ்சள் பூசுவாள். பிறகு யாரோ சொன்னார்கள் என்று கேரட்டும் பொன்னாங்கண்ணிக் கீரையும் மீன் எண்ணெய் மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். தியேட்டரில் படம் ஆரம்பித்த பிறகு உள்ளே போனால் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பேன். எல்லோருக்கும் இருட்டு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வேறு மாதிரி நினைக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை.

சென்னையில் ஓவியக் கல்லூரியில் படிக்கும்போது, ஒரு நடன அமைப்பாளருக்குத் திரை எழுத ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். ஏதோ இரண்டு நாள் வேலை என்றுதான் போனேன். ஒத்திகையின்போது அரங்கத்து விளக்குகளை அணைத்துவிட்டு மேடையில் மட்டும் வெளிச்சம் போட்டார்கள். என்னைச் சுற்றி எதுவுமே இல்லை. முன்னால் மட்டும் ஒரு பெட்டி மாதிரி உலகம். அதற்குள் இருந்த ஒவ்வொரு விரலும், ஒவ்வொரு சலங்கை மணியும் அவ்வளவு துல்லியமாகத் தெரிந்தது. இதில்தான் இருக்கப் போகிறேன் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

சில வருடங்கள் சென்னையிலேயே வேலை செய்தேன். பிறகு கல்யாணம். அவர் சுரங்கத்தில் பெர்மனென்ட் வேலையில் இருந்தார். மறுபடியும் நெய்வேலி, மறுபடியும் குவார்ட்டர்ஸ். இங்கே வந்தால் வேலை அவ்வளவுதான் என்று எல்லோரும் சொன்னார்கள். அப்படி ஆகவில்லை. அதற்குக் காரணம் அக்கா.

அக்கா என்று நான் சொல்வது எங்கள் டவுன்ஷிப்பில் நடனம் சொல்லிக்கொடுத்தவரை. காரைக்குடிப் பக்கத்துக்காரர், கணவர் இன்ஜினியர். அவர்கள் வீட்டு ஹாலில்தான் வகுப்பு. வாசலில் குட்டிக் குட்டிச் செருப்புகளாகக் குவிந்து கிடக்கும். பக்கத்து வீட்டுக்காரர் நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்குகிறவர். ஒரு நாள் லுங்கியோடு வந்து நின்று, "ஆடுங்க டீச்சர், வேணாங்கல. கொஞ்சம் மெதுவா ஆடச் சொல்லுங்க" என்றார். அக்கா அன்றைக்கு முழுக்கப் பிள்ளைகளுக்குக் கண்ணும் கையும் மட்டும் சொல்லிக்கொடுத்தார்.

அவருக்கு வெறும் சலங்கை பூஜை, அரங்கேற்றம் என்று நடத்திக்கொண்டிருப்பதில் திருப்தி இல்லை. சொந்தமாகக் கதை யோசித்து, இந்த ஊர்ப் பிள்ளைகளை வைத்து முழு நாடகமாக மேடையேற்ற ஆசைப்பட்டார். நான் வந்ததும் ஆசை வேலையாக மாறியது. அவர் ஹாலின் நடுவில் ஆடிக் காட்டுவார், நான் மூலையில் உட்கார்ந்து வரைவேன். "இங்க ஒரு கதவு வேணும்" என்பேன். "கதவு இருந்தா அவ திரும்பிப் போயிடுவாளே" என்பார். இப்படியே காபி ஆறிப்போகும்.

சிதம்பரம், புதுச்சேரி, தஞ்சாவூர், சென்னை என்று எங்கள் நாடகங்கள் போயின. ஒரு தடவை சிங்கப்பூருக்கும் போனோம். அக்காவோடு செய்ததைப் பார்த்து வேறு நடனக் குழுக்களும் என்னைக் கூப்பிட்டார்கள். என் அரங்கங்களுக்கென்று ஒரு அடையாளம் இருப்பதாகச் சொன்னார்கள். மேடையில் பொருட்கள் குறைவாக இருக்கும். இருக்கிற ஒன்றிரண்டும் பெரிதாக, தெளிவாக இருக்கும். படிகளின் விளிம்பில் வெள்ளைக் கோடு இழுத்திருப்பேன். இரண்டு ஓரங்களையும் ஒன்றும் வைக்காமல் இருட்டாக விட்டுவிடுவேன். வெறுமையைக் கையாளத் தெரிந்தவள் என்று ஒரு பத்திரிகையில்கூட எழுதினார்கள். கணவர் அந்தப் பக்கத்தை பிளான்ட் கேன்டீனில் எல்லோருக்கும் காட்டிவிட்டு, சாம்பார் கறையோடு திருப்பிக் கொண்டுவந்தார்.

நாற்பத்தைந்தை நெருங்கும்போது சின்னச் சின்னதாக ஆரம்பித்தது. ஒத்திகையில் யாராவது காபி டம்ளரோடு பக்கத்தில் வந்து நின்றால் எனக்குத் தெரியாது. கையை வீசிப் பேசும்போது டம்ளர் பறக்கும். ஓரமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் கால்களை மிதிப்பேன். ஒரு நாள் சாயங்காலம் டபுள் ரோட்டில் ஸ்கூட்டியில் வரும்போது, நின்றுகொண்டிருந்த மாட்டின் மேல் போய் மோதினேன். மாடு எங்கிருந்தோ வந்ததாக நான் சொன்னேன். அங்கே டீக்கடையில் இருந்தவர்கள், "அது ரொம்ப நேரமா அங்கதாங்க நின்னுக்கினு இருந்திச்சி" என்றார்கள்.

கணவர் லீவு போட்டு என்னைப் புதுச்சேரிக்குக் கண் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார். கண்ணுக்கு மருந்து விட்டு, ஒரு கிண்ணம் மாதிரியான கருவிக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். புள்ளி புள்ளியாக வெளிச்சம் வரும், தெரியும்போதெல்லாம் கையிலிருக்கும் பட்டனை அழுத்த வேண்டும். முதலில் சில புள்ளிகள் தெரிந்தன, அழுத்தினேன். பிறகு ஒன்றுமே வரவில்லை. காத்துக்கொண்டே இருந்தேன். கருவி நின்றுவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, "சிஸ்டர், மெஷின் ஓடலியே" என்றேன்.

"ஓடிட்டுதாம்மா இருக்கு. நேரா பாருங்க" என்றார் அந்தப் பெண். குரல் கொஞ்சம் மாறியிருந்தது.

டாக்டர் என் வயதுதான் இருப்பார். படங்களைப் பார்த்துவிட்டு முதலில் கேட்ட கேள்வி, "அப்பா அம்மா சொந்தத்துல கல்யாணம் பண்ணவங்களா?"

"ஆமா. தாய்மாமா."

தலையை ஆட்டிக்கொண்டார். விழித்திரை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டு வருகிறது என்றார். பரம்பரையாக, பிறவியிலேயே வருவது. முதலில் இருட்டில் தெரியாது, அப்புறம் பக்கவாட்டில் தெரியாது, பிறகு நிறங்களில் குழப்பம் வரும், நடுப்பார்வை கடைசிவரை கொஞ்சம் நிற்கலாம்.

"மருந்து?" என்று கணவர் கேட்டார்.

"இப்போதைக்கு இல்லைங்க. ஆராய்ச்சி நடக்குது. நம்பிக்கையா இருங்க" என்ற டாக்டர், என் பக்கம் திரும்பி, "குழந்தைங்க?" என்றார்.

"இல்லை."

டாக்டர் சீட்டில் எதையோ எழுதிக்கொண்டார். எத்தனையோ கோயில், எத்தனையோ டாக்டர் என்று அலைந்து அழுதவள் நான். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது நல்லவேளை என்று என் மனதுக்குள் ஓடியது. அப்படி ஓடியதற்காக என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

திரும்பும்போது கணவர் வடலூரில் டீ குடிக்க நிறுத்தினார். கிளாஸை என் கையில் பத்திரமாக வைத்துவிட்டுச் சொன்னார்: "எனக்குக் கொஞ்சம் தெரியும்."

"என்ன தெரியும்?"

"கல்யாணமான புதுசுலயே. கரண்ட் போனா நீ இருந்த இடத்தை விட்டு அசைய மாட்ட. பொழுது சாஞ்சிட்டா குழம்பைத் தட்டுக்கு வெளியில ஊத்துவ. நான் எப்பவும் உனக்கு இடது பக்கமா நடக்கறேன், கவனிச்சதில்லையா?"

நான் கவனித்ததில்லை. இடது பக்கத்தை நான் பார்த்தே வெகுகாலம் ஆகியிருந்தது.

அன்றிலிருந்து என் பழைய வேலைகளின் புகைப்படங்களை எடுத்துப் பார்க்கப் பயமாக இருந்தது. விளிம்பில் வெள்ளைக் கோடு, காலியான ஓரங்கள், பெரிய பெரிய உருவங்கள். என்னுடைய பாணி என்று ஊரெல்லாம் சொன்னது அதைத்தான். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். ஓரத்தில் ஒன்றும் வைக்காமல் விட்டது ரசனை இல்லை. எனக்கு ஓரம் என்று ஒன்று தெரியவில்லை, அவ்வளவுதான். படியில் கோடு போட்டது, அது இல்லாமல் எனக்கே படி தெரியாது என்பதால். ஒரு நோய் வரைந்ததற்கு நான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அக்காவிடம் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். "நடுவுல தெரியுதில்ல? மேடை நடுவுலதானே இருக்கு. உன் வேலையில ஒண்ணும் மாறாது, நான் இருக்கேன்" என்றார். மாறவும் இல்லை. அடுத்தடுத்த வருடங்களிலும் அவருக்கு நான்தான் செட் செய்தேன். வெளிக்குழுக்களை மெல்ல மெல்ல விட்டுவிட்டேன். அக்காவோடு மட்டும் வைத்துக்கொண்டேன். மேடையில் நடப்பதற்கு யாராவது ஒரு பிள்ளையின் தோள் வேண்டியிருந்ததே தவிர, வேலை நன்றாகத்தான் வருகிறது என்று எல்லோரும் சொன்னார்கள்.

மூன்று வருடத்துக்கு முன்பு, தன் கணவருடைய ரிடையர்மென்ட்டுக்கு முன்னால் கடைசியாக ஒரு பெரிய நாடகம் செய்துவிட வேண்டும் என்று அக்கா ஆரம்பித்தார். ரிடையர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், அவர்கள் கோயம்புத்தூரில் மகளோடு போய் இருப்பதாக முடிவாகியிருந்தது. கதை, புயலுக்கு முந்திய ஒரு சாயங்காலம். முந்திரித் தோப்புக்குப் போன ஆண்கள் திரும்பி வரவில்லை. பெண்கள் வாசலுக்கும் தோப்புக்கும் நடுவே போய்ப் போய் வருகிறார்கள். அவ்வளவுதான் கதை. எங்கள் பக்கத்தில் இதை யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. புயலில் வேரோடு சாய்ந்த முந்திரியையும் பலாவையும் பார்த்தவர்கள்தான் எல்லோரும்.

கேட்டவுடனே எனக்கு ஒரு நீலம் தோன்றியது. மேடை முழுக்க ஒரே பின்திரை, அதில் வேறு எதுவும் இல்லை, அந்த நீலம் மட்டும். புயலுக்கு முன்னால் வெளிச்சம் போகிற நேரத்து வானம். சின்ன வயதில் அப்பாவின் சைக்கிளில் உட்கார்ந்து வரும்போது, அனல்மின் நிலையப் புகைபோக்கிகளுக்குப் பின்னால் அதைப் பார்த்திருக்கிறேன். அந்த நேரம் எனக்குப் பார்வை மங்கத் தொடங்கும் நேரமும்கூட. அதனாலேயே அதை உற்றுப் பார்த்து மனதில் வைத்திருந்தேன்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷெட்டில் துணியை விரித்து நானே கலந்தேன். உதவிக்கு எப்போதும் வருகிற கார்ப்பெண்டர் தம்பி. சேத்தியாத்தோப்புப் பக்கம் கிராமம், சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை, லீவு நாட்களில் எனக்குச் செட் செய்து கொடுப்பார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், என்னை அக்கா என்பார். கலந்து கலந்து பார்த்து, இதுதான் என்று ஒரு கட்டத்தில் எனக்குத் தெரிந்தது.

"எப்படித் தம்பி இருக்கு?"

"நீங்க சொன்னா சரிதாங்க்கா" என்றார்.

நிகழ்ச்சிக்கு முந்தின நாள் காலையில் துணியை ஆடிட்டோரியத்தில் கட்டினார்கள். அக்கா வந்து பார்த்தார். திரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தார். பிறகு, "ரொம்ப நல்லா இருக்கு. ஆனா முன்னால காய்ஞ்ச முந்திரிக் கிளை நெசமாவே இருந்தா இன்னும் எடுப்பா இருக்கும். நீயே போய்ப் பார்த்து எடுத்துட்டு வரியா?" என்றார்.

கணவரும் நானும் பைக்கில் காடாம்புலியூர் போனோம். இப்போது நினைத்தாலும் அது நல்ல பகல். வெயில் இருந்ததால் எனக்கு நன்றாகத் தெரிந்தது. பலா சீசன், ரோட்டோரமெல்லாம் குவித்து வைத்திருந்தார்கள், காற்றே இனித்தது. அவருக்குத் தெரிந்த ஒருவருடைய தோப்பில் உதிர்ந்து கிடந்த கிளைகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தேன். முறுக்கி முறுக்கி வளர்ந்த கிளைகள். ஆடுகிறவர்களின் கை மாதிரி இருக்கிறது என்றேன். "நீ சிரிச்சு ரொம்ப நாளாச்சு" என்றார் அவர். தோப்புக்காரர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, ஒரு குட்டியானையில் கிளைகளை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது.

ஆடிட்டோரியத்துக்குள் போனபோது பெயின்ட் வாசனை அடித்தது. "என்னக்கா வாசனை?" என்றேன்.

"படியில ரெண்டு இடத்துல உரிஞ்சிருந்தது. தம்பிய விட்டு டச்சப் பண்ணச் சொன்னேன்" என்றார் அக்கா.

மறுநாள் நாடகம். நான் மூன்றாவது வரிசையில் நடுவில் உட்கார்ந்தேன். விளக்கு அணைந்து, மேடையில் வெளிச்சம் வந்தது. என் நீலம் தெரிந்தது. அதற்கு முன்னால் கிளைகள், கிளைகளுக்கு நடுவில் பெண்கள். அக்கா கடைசிக் காட்சியில் மட்டும் ஆடினார். அறுபதை நெருங்குகிற உடம்பு. தோப்புப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார், நின்றார், ஆடவே இல்லை. அரங்கத்தில் யாரோ விம்மும் சத்தம் கேட்டது. முடிந்ததும் சென்னையிலிருந்து வந்திருந்த பழைய நடன அமைப்பாளர் ஒருவர், என் ஆரம்பகாலம் தெரிந்தவர், என்னைத் தேடி வந்து இரண்டு கையையும் பிடித்தார். "அந்த நீலம்! அதை எங்கம்மா பிடிச்சே?" என்றார். எல்லாம் போனாலும் இது மிச்சம் இருக்கிறது என்று நினைத்தேன். அந்த நினைப்பிலேயே ஒரு மாதம் சந்தோஷமாக இருந்தேன்.

அந்த ஒரு மாதம் கழிந்து, செட் சாமான்களை ஷெட்டில் அடுக்கி வைக்கத் தம்பி வந்தார். துணியைச் சுருட்டி வைத்துவிட்டு, கதவருகில் நின்று கேட்டார்:

"அக்கா, அந்த புளூ டப்பா ரெண்டு மிஞ்சி எங்க வூட்ல கெடக்குது. எடுத்தாந்து வைக்கட்டா, இல்ல நானே வச்சிக்கட்டா? ஜன்னலுக்கு அடிச்சிக்கலாம்னு..."

"எந்த புளூ டப்பா?"

"திரைக்கு வாங்கனதுதாங்க."

"திரைக்கு நான் பக்கெட்ல கலந்ததுதானே? டப்பா ஏது?"

அவர் நிற்கும் இடத்தை நேராகப் பார்த்தேன். முகம் தெரிந்தது. வாய் லேசாகத் திறந்து, மூடிக்கொண்டது.

"இல்லக்கா, அது வேற எதுக்கோ வாங்கனது. நான்தான் மாத்திச் சொல்லிக்கினு..."

"தம்பி, உண்மையைச் சொல்லுங்க."

தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். நான் கலந்தது நீலமே இல்லையாம். பாசி பிடித்த குட்டைத் தண்ணி மாதிரி ஒரு பச்சையாம். துணியைக் கட்டியதும் பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள், அக்கா அவர்களை அதட்டி வெளியே அனுப்பியிருக்கிறார். நான் காடாம்புலியூர் போன பிறகு கடைக்கு ஆள் அனுப்பி பெயின்ட் வாங்கி, தம்பியும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து திரை முழுக்க மறுபடி அடித்திருக்கிறார்கள். ஃபேன்களைக் கொண்டுவந்து வைத்துக் காய வைத்திருக்கிறார்கள்.

"டீச்சரம்மா அழுதுக்கினேதாங்க நின்னாங்க. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினாங்க. நான் ஒரு மடையன்க்கா."

"பரவாயில்லை தம்பி. டப்பாவை நீங்களே வச்சிக்குங்க" என்றேன்.

அன்றைக்கே அக்கா வீட்டுக்கு நடந்து போனேன். வழி கால்களுக்குத் தெரியும். உள்ளே ஹாலில் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. இன்னும் சில நாட்களில் லாரி வரப் போகிறது. நடராஜர் சிலை இருந்த மூலை காலியாக இருந்தது. அக்கா என் முகத்தைப் பார்த்ததுமே, "உட்காரு" என்று ஒரு பெட்டியை நகர்த்தினார்.

"ஏன்க்கா சொல்லல?"

அவர் எதைப் பற்றி என்று கேட்கவில்லை. "சொல்லியிருந்தா நீ என்ன பண்ணியிருப்ப?"

"திரும்பக் கலந்திருப்பேன்."

"திரும்பவும் அதே பச்சைதான் வந்திருக்கும்மா."

உண்மைதான். இருந்தாலும் கோபம் வந்தது. "யாராவது பக்கத்துல நின்னு சொல்லியிருந்தா மாத்தியிருப்பேன். அது என் வேலைக்கா. அந்தப் பெரியவர் என் கையைப் பிடிச்சுப் பாராட்டினாரு, நீங்க பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டிருந்தீங்க."

"ஆமா, நின்னேன்." அக்காவின் குரல் உடைந்தது. "உன்கிட்ட வந்து உனக்கு நிறமும் போயிடுச்சுன்னு சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. பெயின்ட் அடிக்கிறதுக்குத்தான் தைரியம் இருந்தது. பச்சையாவே விட்டிருக்கணும், இல்லையா? எனக்கு அதுவும் முடியல. என் கடைசி மேடை அது."

நான் கிளம்ப எழுந்தேன். அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. வந்திருக்க வேண்டாம்.

"இதுக்கு முன்னாடியும் மாத்தியிருக்கீங்களா?"

உள்ளே குக்கர் விசில் அடித்தது. அவர் எழுந்து போகவில்லை.

"எதெல்லாம்க்கா?"

"கேக்காதம்மா."

"ஒண்ணா, ரெண்டா?"

"கேக்காத" என்றார் மறுபடியும். என் தலையில் கை வைத்தார். நான் அந்தக் கையை எடுத்துவிடவில்லை. எடுக்க வேண்டும் என்றும் தோன்றியது, அங்கேயே இருக்க வேண்டும் என்றும் தோன்றியது.

டாக்டரைப் பார்த்த பிறகு செய்த நாடகங்களில் எது என்னுடையது, எது அக்கா மாற்றியது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எல்லாவற்றுக்கும் கைதட்டினார்கள். அக்கா இப்போதும் கோயம்புத்தூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்கிறார். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, மழை பெய்கிறதா என்று பேசிக்கொள்கிறோம். பேத்திக்கு அடவு சொல்லிக்கொடுக்கிறாராம், அது அரைமண்டியில் உட்கார மாட்டேன் என்கிறதாம். எங்கள் வேலையைப் பற்றி இருவருமே பேசுவதில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. இருந்தால் நன்றாக இருக்கும் என்று சில நாட்களில் தோன்றும். யாரையாவது குற்றம் சொல்ல முடிந்தால் கொஞ்சம் இலகுவாக இருக்கலாம்.

போன வருடம் அக்காவிடம் படித்த ஒரு பெண் சென்னையிலிருந்து கூப்பிட்டாள். இப்போது அவளே குழு வைத்திருக்கிறாள். "ஆன்ட்டி, என் முதல் புரொடக்‌ஷன். செட் நீங்கதான் பண்ணணும். நான் கூடவே இருக்கேன். எது சரியில்லையோ நான் சொல்லிடறேன்" என்றாள். நல்ல பெண். சின்ன வயதில் என் தூரிகைகளைக் கழுவித் தருவாள். கேட்டவுடனே உள்ளே ஏதோ எழுந்து உட்கார்ந்தது. இரண்டு நாள் தூங்கவில்லை. மேடையில் என்ன வைக்கலாம் என்று மனது தானாகவே வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. பிறகு யோசித்துப் பார்த்தேன். அவளும் சொல்ல மாட்டாள். என்னிடம் பிரியம் உள்ள யாரும் சொல்ல மாட்டார்கள். மூன்றாம் நாள் போன் செய்து, "முடியாதும்மா, மாமா ரிடையர் ஆகப் போறாரு, வீடு மாத்துற வேலை இருக்கு" என்றேன். "பரவால்ல ஆன்ட்டி" என்றாள். அவள் குரலில் லேசான நிம்மதி இருந்ததா, நானாக நினைத்துக்கொண்டேனா, தெரியவில்லை.

சொன்னது பொய்யும் இல்லை. அடுத்த வருடம் அவருக்கு ரிடையர்மென்ட். இந்த குவார்ட்டர்ஸில் எனக்கு ஒவ்வொரு சுவரும் தெரியும். அடுப்பிலிருந்து தண்ணீர்க் குடம் எவ்வளவு தூரம், பாத்ரூம் வாசல்படி எவ்வளவு உயரம் எல்லாம் உடம்புக்குள் இருக்கிறது. இதை விட்டுவிட்டு, கண் மிச்சம் இருக்கும்போதே இன்னொரு வீட்டைப் பழகிவிட வேண்டும் என்கிறார் அவர். புதுச்சேரியில் கடைசியாகப் பார்த்தபோது, நேராக நீட்டிய கையின் முடிவில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குத்தான் பார்வை இருந்தது. அதுவும் பகலில்.

போன மாதம் வடலூர் பக்கத்தில் ஒரு வீடு பார்க்கப் போனோம். நல்ல உச்சி வெயிலில்தான் கூட்டிப் போனார். வீட்டுக்காரர் ஒவ்வொரு அறையாகக் காட்டிப் பேசிக்கொண்டே போனார். நான் சுவரைத் தொட்டுக்கொண்டு பின்னால் நடந்தேன். வாசல் எங்கே, ஜன்னல் எங்கே, எங்கே திரும்ப வேண்டும், எங்கே தட்டும் என்று. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்தது, கதவில் ஒரு துண்டு, தரையில் ஒரு துண்டு. ஒரு துண்டை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு அடுத்த துண்டைப் பார்ப்பதற்குள் முதல் துண்டு நழுவிவிட்டது.

கொல்லைப் பக்கம் போய் நின்றோம். துணி உலர்த்தக் கம்பி கட்டியிருக்கிறது, கிணற்றில் தண்ணீர் வற்றாது என்றார் வீட்டுக்காரர்.

"பிடிச்சிருக்கா?" என்று கேட்டார் கணவர்.

"கிணத்துக்கு மூடி இருக்கா?" என்றேன்.

"இல்ல. போட்டுடலாம்."

"அப்ப சரி" என்றேன். அவர் என் இடது பக்கம் வந்து நின்று கையைப் பிடித்துக்கொண்டார். படி இறங்கினோம்.